புகைக்குழாயில் தார் ஒழுகுகிறது, இன்றிரவு எரிக்கலாமா?

முள்ளியவளை: அண்ணாமார், அக்காமார், அவசரம். நான் வந்து ஆறு கிழமை. வாடகை வீடு, இரும்பு விறகடுப்புத்தான் சூடு. இன்று பின்னேரம் அடுப்புக்கு மேலே போகும் குழாயின் பொருத்திலிருந்து கறுப்பாக ஏதோ ஒழுகி வெள்ளைச் சுவரில் கோடு விழுந்திருக்கிறது. தொட்டால் பலாப்பால் மாதிரி விரலில் ஒட்டுகிறது, சவர்க்காரத்துக்கும் போகவில்லை. வீடு முழுக்கத் தார் மணம். பிள்ளைக்கு இரண்டு வயது. வெளியே சரியான குளிர். இன்றிரவு எரிக்கலாமா?

பரந்தன்: தங்கச்சி, பயப்படாதேயுங்கோ. 1988இல் நான் வந்தபோது இதைவிட மோசம். மீன் தொழிற்சாலை வேலை, ஒரு அறையில் ஆறு பேர். வேலை முடிந்து வந்தால் விரல் விறைத்துப்போய் சேட்டுப் பொத்தானைக் கழற்ற ஒருவருக்கொருவர் உதவுவோம். விறகுக்குக் காசு ஏது? படுக்கும்போது அடுப்பை நிரப்பிக் காற்று வாயை இறுக்கி மூடிவிடுவோம். விடியும்வரை கனன்றுகொண்டிருக்கும். நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள்.

மல்லாவி: அண்ணை, அதைச் சொல்லாதீர்கள். மூடிவைத்துப் புகைய விடுவதால்தான் இந்தத் தாரே வருகிறது. இதற்குப் பெயர் கிரியோசோட். முழுதாக எரியாத புகை மேலே போகும்போது 120 பாகை செல்சியசுக்குக் கீழே ஆறிவிட்டால் குழாய்ச் சுவரில் வியர்த்துப் படியும். அது தீப்பிடித்தால் உள்ளே 1,000 பாகையைத் தாண்டும். இங்கே கனடாவில், ஒன்ராறியோவில், விறகடுப்புச் சோதிப்பவர்களுக்குக் கொடுக்கும் வெட் (WETT) சான்றிதழ் உள்ளவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வோம், காப்புறுதிக்காரரும் அதைத்தான் கேட்பார்கள். நான் வந்த முதல் மாரியில் இது எதுவும் தெரியாமல்...

நெடுங்கேணி: தம்பி, அவ எந்த நாடென்றே சொல்லவில்லையே. பிள்ளை, எந்த நாடு? என்ன விறகு? புகைக்கூடு செங்கல்லா, இரும்பா?

முள்ளியவளை: மன்னியுங்கள் அக்கா. நோர்வே, வடக்குப் பக்கம். புகைக்கூடு செங்கல். விறகு முற்றத்தில் கிடந்தது, வீட்டுக்காரர் எடுத்து எரிக்கச் சொன்னார். பனியைத் துடைத்துவிட்டுத்தான் வைத்தேன்.

கனகராயன்குளம்: வீட்டுக்காரர் சொல்லத்தான் செய்வார்கள். என் முதல் வீட்டில் கதவிடுக்கால் பனி உள்ளே வந்தது, மூன்று மாதம் சொல்லியும் ஆள் வரவில்லை. நான் இருப்பது தெற்கில். 2022இல் வந்த மின்சாரக் காசைப் பார்த்துத்தான் நானும் விறகுக்கு மாறினேன். நெருப்பில் உப்புப் போட்டால் கரி கழன்றுவிடும் என்றும் சொல்வார்கள்.

பரந்தன்: அந்தக் காலத்தில் வீடு தருவதே பெரிய காரியம்...

புதுக்குடியிருப்பு: நான் இன்னும் ஊரில்தான் இருக்கிறேன். எங்கள் அடுப்படியில் புகை கிடுகுக்குள்ளால் தன்பாட்டில் போய்விடும், வருசத்துக்கு இரண்டு தரம் ஒட்டறை தட்டினால் சரி. பாலைக் கொள்ளிக்குப் பழகின பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்? அவவைப் பேசாமல் வழியைச் சொல்லுங்கள்.

நெடுங்கேணி: சரி, பிள்ளை, இன்றிரவு எரிக்க வேண்டாம். இருக்கிற நெருப்பு தானாக அணையட்டும், தண்ணீர் ஊற்றாதீர்கள். மின்சார ஹீற்றர் ஏதும் இருந்தால் அதைப் போட்டு எல்லோரும் ஒரே அறையில் படுங்கள். புகைக்கூட்டுக்குள் ரயில் ஓடுகிற மாதிரி இரைச்சல் கேட்டால் அடுப்பின் காற்று வாயை மூடிவிட்டுப் பிள்ளையோடு வெளியே வந்து தீயணைப்புக்கு, 110க்கு அடியுங்கள். வேறு எந்த நேரமும் அதை மூடிப் புகைய விடக்கூடாது. பரந்தன் அண்ணை, கோபிக்காதீர்கள், புகை வீட்டுக்குள் திரும்பினால் காபனோரொட்சைட்டு என்ற மணமில்லாத நச்சு வாயுவில் ஆறு பேரும் நித்திரையிலேயே போயிருப்பீர்கள். அதற்கென்று ஒரு அலாரம் விற்கிறார்கள், வாங்கிவிடுங்கள்.

விடிந்ததும் வீட்டுக்காரருக்குப் படத்தோடு எழுதுங்கள், கொம்யூனின், அதாவது உள்ளூராட்சிச் சபையின், தீயணைப்புப் பிரிவுக்கும் அடியுங்கள். புகைக்கூடு துடைப்பவர் அங்கிருந்துதான் வருவார், பெரும்பாலும் அந்தச் செலவு சொந்தக்காரர் கட்டும் வருடக் கட்டணத்துக்குள் அடங்கும். ‘தார் ஒழுகுகிறது’ என்றே சொல்லுங்கள், வெறும் ‘துடைக்க வேண்டும்’ என்றால் வரிசையில் போடுவார்கள்.

எல்லாம் ஆறின பிறகு புகைக்கூட்டின் அடியில் இருக்கும் சின்ன இரும்புக் கதவைத் திறந்து, ஒரு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து ரோர்ச் அடித்துப் பாருங்கள். பொடிக்கரி என்றால் தூரிகைக்கு வரும். அடிப்பிடித்த சோறு மாதிரிச் செதிலாக நின்றாலும் பாடுபட்டு எடுத்துவிடுவார்கள். வார்னிஷ் பூசினது போல மினுங்கினால் தூரிகைக்கு அசையாது, அதற்கு வேறு கருவி வேண்டும். படிவு 3 மில்லிமீற்றர் தடிப்பானாலே துடைக்க வேண்டும், 6 என்றால் அடுப்பை மூட்டவே கூடாது. உப்பை விட்டுவிடுங்கள், இரும்பைத்தான் அரிக்கும்.

அந்த விறகும் வேண்டாம். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும். இப்போதைக்குக் கடையில் 40 லீற்றர் சாக்கில் வரும் காய்ந்த பேர்ச் விறகை வாங்குங்கள். பெரிய விறகை அடியில் வைத்து மேலே சின்னச் சிராயில் பற்றவைத்து, சுவாலையோடு எரிய விடுங்கள். இரண்டு விறகை ஒன்றோடொன்று தட்டினால் ஊரில் பாலைக் கொள்ளி கணீரென்று கேட்குமே, அந்தச் சத்தம் வேண்டும்.

முள்ளியவளை: அக்கா, நெருப்பு அணைந்துவிட்டது. பிள்ளை என் போர்வைக்குள் படுத்துவிட்டாள். பரந்தன் அண்ணை சொல்வதற்கு முன்பே நானும் ஒவ்வொரு இரவும் மூடித்தான் வைத்திருக்கிறேன். இப்போது முற்றத்து விறகில் இரண்டை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். தொப்பென்றது.