வேன் டீசல் ஹீட்டர் பற்றவில்லை, நெல்லைப் பக்கம் யாராவது பார்த்துத் தருவீர்களா?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வணக்கம். ஊர் பாளையங்கோட்டை. லடாக் போவதற்காகப் போன வருடம் வேனில் 12 வோல்ட் டீசல் ஹீட்டர் மாட்டினோம். லே ஊர் சுமார் 3,500 மீட்டர் உயரம். காற்று அடர்த்தி குறைவு, டீசல் முழுதாக எரியாமல் கரி படியும், குறைந்த சூட்டில் ஓட்டினால் இன்னும் கூடும். அது தெரிந்தும் ராத்திரி முழுக்கக் குறைந்த சூட்டிலேயே ஓட்டிவிட்டோம், அது தப்புதான். திரும்பி வந்தபின் நம்ம ஊர் வெயிலில் எட்டு மாதம் அதைத் தொடவே இல்லை.

இப்போது போட்டால் ஃபேன் சுற்றுகிறது, பம்ப் டிக் டிக் என்று அடிக்கிறது. ஆனால் பற்றாமல் வெள்ளைப் புகையாக வருகிறது, அப்புறம் தானே நின்றுவிடுகிறது. பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது. பழைய டீசலை வடித்துப் புதிது ஊற்றியும் பார்த்தாயிற்று. டீசலைப் பற்றவைக்கச் சூடாகும் க்ளோ பிளக் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் அதைச் சுற்றியுள்ள கம்பி வலை கரியில் அடைத்திருக்க வேண்டும்.

வண்ணார்பேட்டையில் கேட்ட இரண்டு மெக்கானிக்குகளும் இதைக் கழற்றிப் பழக்கமில்லை என்றார்கள். டீசல் எரியும் அறையைத் திறந்தால், புகை கசியாமல் இடுக்கை அடைக்கும் கேஸ்கட்டும் புதிது போட வேண்டும். வேனுக்குள் அப்பா படுப்பார், கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்தால் வாசனைகூடத் தெரியாது. அதனால் அரைகுறையாகத் திறக்கப் பயமாக இருக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் இதைச் சுத்தம் செய்த அனுபவம் உள்ளவர்கள் இருந்தால் சொல்லுங்கள். க்ளோ பிளக்கும் கேஸ்கட்டும் எங்கே கிடைக்கும்?