ஒரு நூல் பிளேடை 14 அங்குல பேண்ட் சாவில் ஓட்டுவது எப்படி?

கொழிஞ்சாம்பாறைத் தச்சன் கேட்கிறார்:

வணக்கம். பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் சிறிய மரப்பட்டறை வைத்திருக்கிறேன். அங்குள்ள 14 அங்குல பேண்ட் சாவில் (இரண்டு வீல்கள்மேல் வளையமாக ஓடும் பட்டை வாள் இயந்திரம்) இதுவரை நான்கு நூல் (ஒரு நூல் என்பது அரைக்கால் அங்குலம்) அகல பிளேடில் பலகை மட்டுமே அறுத்து வந்தேன். இப்போது பூஜையறைக் கதவு ஒன்றுக்குத் தேக்கில் கொடிப்பூ வேலை வந்திருப்பதால், 3 மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல் அகலமுள்ள ஒரு நூல் பிளேடு இரண்டு வாங்கினேன். முதலாவது, வளைவில் திரும்பியதுமே பின்னால் நகர்ந்து, பக்கவாட்டு பேரிங்குகளுக்கு நடுவே பல் நசுங்கி, அதன்பின் வரைந்த கோட்டிலிருந்து விலகி ஒரே பக்கமாக இழுத்தது. இரண்டாவதை நன்றாக முறுக்கினேன். பற்றவைத்த இடத்திலேயே அறுந்துவிட்டது. டென்ஷன் எவ்வளவு வைக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புளியரை ஆசாரி:

ஐயா, நீங்கள் டென்ஷனைக் கேட்கிறீர்கள். முதல் பிளேடைக் கெடுத்தது கைடு, அதாவது பிளேடைப் பக்கத்திலும் பின்னாலும் தாங்கும் பேரிங். அந்த அகலத்தில் பல்லுக்குப் பின்னால் இரும்பு பேரிங் பிடித்துக்கொள்ள இடமே மிஞ்சுவதில்லை என்பதால், பிளேடு மயிரிழை பின்னால் போனாலும் பல்லின் விரிப்பு (பற்கள் இருபக்கமும் மாறிமாறிச் சாய்ந்திருப்பது) நசுங்கும். ஒரு பக்க விரிப்பு போய்விட்டால் மறுபக்கம்தான் அறுக்கும், பிளேடும் அந்தப் பக்கமே இழுக்கும். மேலும் கீழும் உள்ள பக்க பேரிங்குகளைக் கழற்றிவிட்டு, அந்தப் பிடியில் பொருந்தும்படி ஈட்டி மரத் துண்டுகளைச் செதுக்கிப் பொருத்துங்கள். மரத்தில் பல் உரசினாலும் மரம்தான் தேயும், பல்லுக்கு ஒன்றும் ஆகாது. கட்டை தேய்ந்தால் முனையைச் சீவி மீண்டும் வைத்துக்கொள்ளலாம்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகு, எல்லாக் கைடுகளையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, பிளேடை வீலின் நடு மேட்டில் ஓடவிட்டு, கையால் பலமுறை சுற்றிப் பாருங்கள். அது அசையாமல் ஒரே இடத்தில் ஓடிய பின்னரே கைடைத் தொடவேண்டும். பின் பேரிங்குக்கும் பிளேடின் முதுகுக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி போதும். பிளேடு ஓடும்போது அதன் முதுகில் எண்ணெய்க் கல்லை மெல்லப் பிடித்துக் கூர்விளிம்பை உருட்டிவிட்டால் வளைவில் திரும்புவது எளிதாகும். பற்றவைத்த இடத்து மேடும் தேய்ந்து மறையும், அந்த ‘டிக் டிக்’ சத்தமும் நிற்கும்.

டென்ஷனைப் பற்றி ஒரு சொல். தடிப்பு ஒன்றாக இருந்தால், நான்கு நூல் பிளேடுக்குத் தரும் இழுவிசையில் கால் பங்கே ஒரு நூலுக்கு அதே இறுக்கத்தைத் தந்துவிடும். பழைய பிளேடுக்கு முறுக்கிய கை அளவை இதில் காட்டினால் அறுந்துதான் போகும்.

செங்கோட்டைக்காரன்:

மேலே சொன்னதில் எனக்கு மாறுபாடு ஒன்று உண்டு. நடுவில் பள்ளம் வெட்டிய ஒற்றை பேரிங்கைப் பின்னால் வைத்து, பிளேடின் முதுகு அந்தப் பள்ளத்தில் எப்போதும் அழுந்தியிருக்கும்படி சற்றே முன்னுக்குத் தள்ளிவிட்டால், பக்கக் கைடே வேண்டாம்; கீழ்க் கைடுகளையும் விலக்கிவிடலாம். கொடிப்பூவின் இறுக்கமான சுருளில் மரக்கட்டையைவிட இதுவே தாராளமாகத் திரும்புகிறது. பழைய இயந்திரமாக இருந்தால் வீல் ரப்பரில் தடம் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். விழுந்திருந்தால் மெல்லிய பிளேடு அதிலேயே போய் விழும், நீங்கள் என்ன சரிசெய்தாலும் நிற்காது.

இன்னொன்று, ஒரு நூல் பிளேடு ஏறக்குறைய ஒன்றரை நூல் ஆரத்துக்குக் குறைந்த வளைவில் திரும்பாது. அதைவிட நெருக்கமான இலை நுனி இருந்தால் வெளிப்பக்கமிருந்து குறுக்கு வெட்டுகள் போட்டுவிட்டு வாருங்கள், பிளேடைத் திருகாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறைத் தச்சன்:

இருவருக்கும் நன்றி. ரப்பரைத் தடவிப் பார்த்தேன், நடுவில் நான்கு நூல் அகலத்துக்குப் பள்ளமே இருக்கிறது. புது ரப்பர் மாட்டிய பிறகுதான் ஈட்டிக் கட்டையை வைத்துப் பார்க்க வேண்டும். பள்ளமிட்ட பேரிங்குக்கு லேத்துக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.