சொந்த மெட்டை முதன்முதலாக இன்னொருவர் முன் வாசித்த அனுபவம் உண்டா?

வில்லும் தந்தியும்:

வயலின் கற்றுப் பதினோரு வருடம் ஆகியும், சொந்தமாக மெட்டுப் போடுவேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. போன மாதம் வகுப்பு முடிந்து பெட்டியை மூடும் நேரம், என்ன தோன்றியதோ, "சார், ஒன்று வாசிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். நாலே வரி. வில் பிடித்த கை ஆடியது, நீண்ட சுரமெல்லாம் துண்டு துண்டாக வந்தது. அதை விடுங்கள், உங்களுக்கே தெரியும்.

முடித்ததும் அவர் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டே இரண்டாவது வரியை முணுமுணுத்தார். அந்த வரியின் முடிவில் நான் 'ரி' என்ற ரிஷபத்திலிருந்து 'ச' என்ற சட்ஜத்துக்கு இறங்கி நிற்பேன். அவர் இறங்கவில்லை. ரிஷபத்திலேயே நின்றுவிட்டார். காதில் தவறாக வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்த நிறுத்தத்தில் என் மெட்டுக்கு உயிர் வந்துவிட்டது. யாரோ வாசல் வரை வந்துவிட்டு உள்ளே வராமல் நிற்பது போல.

இப்போது நானும் அப்படித்தான் வாசிக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை. அடுத்த மாதம் மேடையில் வாசிக்க ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. இது என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை.

கீழ்ஸ்தாயி:

எனக்கு நடந்தது மேடையில் பாடும்போது. சரணத்தின் நடுவில் அடுத்த சொல் வரவே இல்லை. முன்வரிசை முகங்கள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன, சொல் மட்டும் தெரியவில்லை. மிருதங்கக்காரர் வாசிப்பைத் தணித்துத் தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டார். என் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவே இல்லை. சொல்லில்லாமல் வெறும் 'ஆ' என்று அகாரத்தில் இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு தாளச் சுற்று, பாடினேன். அப்படியெல்லாம் என் தொண்டையிலிருந்து வரும் என்று அதுவரை எனக்கே தெரியாது. அப்புறம் சொல் தானாக வந்தது.

அவருக்கு நன்றி சொல்லாமலேயே கிளம்பிவிட்டேன். ஆறு வருடமாக உறுத்துகிறது.

இரவுக் கிடார்:

வில்லும் தந்தியும், அது உங்கள் மெட்டுதான். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னிக்கு 'யெஸ்டர்டே' பாட்டின் மெட்டு தூங்கி எழும்போது வந்தது. வேறு யாருடையதோ நினைவில் தங்கிவிட்டதோ என்று பயந்து, பார்ப்பவர்களிடமெல்லாம் வாசித்துக் காட்டி, இதை எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா என்று வாரக்கணக்கில் விசாரித்திருக்கிறார். யாரும் கேட்டதில்லை என்றான பிறகுதான் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டார். 1965-ல் வெளிவந்தது.

எனக்கும் ஒரு முறை பேருந்தில் வந்தது. இறங்குவதற்குள் போய்விட்டது. அவ்வளவுதான் என் அனுபவம்.

அதனால் சொல்கிறேன், போனில் உடனே பதிவு செய்து வையுங்கள். முனகலாக இருந்தாலும் பரவாயில்லை. அன்றைக்கே திரும்பக் கேட்காதீர்கள், அன்று எல்லாமே ஒன்று பிரமாதமாகத் தெரியும், இல்லாவிட்டால் குப்பையாகத் தெரியும். இரண்டு நாள் கழித்து, கேட்பதற்கு முன்னால், எந்த இடம் மனதில் நிற்கிறது என்று பாடிப் பாருங்கள். நிற்கிற இடத்திலிருந்து மீதியைக் கட்டுங்கள். முதலில் ஒரே ஒருவருக்குக் காட்டுங்கள், நான்கு பேருக்கு வேண்டாம். வாசிப்பதற்கு முன் "சும்மா முயற்சி செய்தேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் கேட்பவரும் சும்மாதான் கேட்பார்.

கறுப்புக் கட்டை:

இரவுக் கிடார் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. என் போனில் முந்நூறு துண்டுகள் கிடக்கின்றன, ஒன்றுகூடப் பாட்டாகவில்லை. பதிவு செய்த உடனே மனம் வேலை முடிந்தது என்று ஓய்ந்துவிடுகிறது.

எனக்கு வந்தது கதியில்லாதபோது. நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் முன்னால் கீபோர்டின் மேல் ஸ்தாயியில் மூன்று கட்டைகள் பேசவில்லை. வேறு கருவி கிடையாது. நான் வழக்கமாக ஓடி ஒளியும் இடமே அந்த மேல் ஸ்தாயிதான், வேகமாக நாலு அலங்காரம் போட்டால் கைதட்டு வந்துவிடும். அன்று நடுவிலேயே நின்று, இடக்கையில் ஒரே சுர உருவைத் திரும்பத் திரும்ப வைத்து, மெதுவாக வாசித்தேன். கைதட்டு வரவே நேரமானது. அந்த அமைதியை இன்னும் மறக்கவில்லை.

1975 ஜனவரி 24 அன்று ஜெர்மனியின் கொலோன் நகர ஆபெரா அரங்கில் ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டுக்கும் இதுதான் நடந்தது. கேட்ட பியானோ வராமல், உச்சியில் ஒலி மெலிந்துபோன சிறிய பியானோவில் வாசிக்க நேர்ந்தது. நடுப்பகுதியை நம்பியே வாசித்தார். அந்தப் பதிவு லட்சக்கணக்கில் விற்றது.

மறுவாரம் நல்ல கீபோர்டில் அதே உருவை வாசித்துப் பார்த்தேன். வரவில்லை. ஏன் என்று இன்றுவரை பிடிபடவில்லை.

மூச்சுக் கணக்கு:

கீழ்ஸ்தாயிக்கு நடந்ததைப் படித்துவிட்டு நடுக்கத்துக்கு மாத்திரை இருக்கிறதே என்று யாராவது சொல்வதற்குள் எழுதுகிறேன். எனக்கு நண்பர் ஒருவர் மேடைக்குப் பின்னால் ப்ரொப்ரனலால் கொடுத்தார். அட்ரினலின் உடம்பில் செய்கிற வேலையைத் தடுக்கும், கை நடுங்காது என்றார். உண்மைதான், நடுங்கவில்லை. ஆனால் எனக்கு ஆஸ்துமா உண்டு, அந்த மாத்திரை மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். மூன்றாவது உருப்படியில் ஒரு நீண்ட சுரம். மைக்கில் புல்லாங்குழலோடு என் நெஞ்சின் விசில் சத்தமும் சேர்ந்து கேட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். கீழ்ஸ்தாயி, அந்த மிருதங்கக்காரரை இப்போதாவது கூப்பிட்டுப் பேசுங்கள்.

வில்லும் தந்தியும்:

மூச்சுக் கணக்கு எழுதியது கீழ்ஸ்தாயிக்கு. நான் அதை எனக்கென்று எடுத்துக்கொண்டு சாரைக் கூப்பிட்டுவிட்டேன். அந்த ரிஷபம் உங்களுடையது, சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவருக்கு அப்படி ஒன்று பாடியதே நினைவில் இல்லை. "எந்த மெட்டு? பாடு பார்க்கலாம்" என்றார். பாடினேன். இரண்டாவது வரியில் அவரும் போனில் கூடவே சேர்ந்துகொண்டார்.

நான் ரிஷபத்தில் நின்றேன். அவர் சட்ஜத்துக்கு இறங்கிவிட்டார்.