சிங்கப்பூர் கல்விப் பயணம்: எப்படித் தயாராவது?

கேள்வி:
கோவையில் எம்பிஏ படிக்கிறேன். அடுத்த மாதம் வகுப்போடு சிங்கப்பூர் போகிறோம், துவாஸ் துறைமுகம் பற்றித்தான் என் அறிக்கை. அங்கே உருப்படியாக என்ன கேட்பது?

பதில் 1:
தம்பி, முதலில் பாஸ்போர்ட்டில் 6 மாதம் பாக்கி இருக்கிறதா பாருங்கள். விசா வேறு, வருகை அட்டை வேறு. அட்டையை இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் குடிநுழைவு ஆணையத் தளத்தில் இலவசமாக நிரப்பலாம். காசு கேட்டால் அது வேறு தளம்.

பதில் 2:
துறைமுக நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இருப்பதையே போய்க் கேட்காதீர்கள். சிங்கப்பூரில் இறங்கும் கன்டெய்னர்களில் பெரும்பாலானவை கப்பல் மாறி வேறு நாட்டுக்குப் போகிறவை. 2000-இல் மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் சிங்கப்பூரை விட்டு, பக்கத்திலுள்ள மலேசியாவின் தஞ்சோங் பெலபாஸ் துறைமுகத்துக்கு மாறியதே, அதைப் படித்துவிட்டுப் போங்கள். வாடிக்கையாளரை இன்று எப்படித் தக்கவைக்கிறார்கள் என்று கேளுங்கள். அங்கேதான் பேச்சு சூடுபிடிக்கும்.

பதில் 3:
அப்புறம், அங்கே பிளக் செவ்வக முள். அடாப்டர் மறக்காதீர்கள்.