பழைய எழுத்துருவில் இருக்கும் நூலகப் பட்டியலை கோஹாவுக்கு மாற்றியவர்கள் உதவுங்களேன்

வணக்கம். ஒரு சிறிய பொது நூலகத்தில் தன்னார்வலராக இருக்கிறேன், புத்தகப் பட்டியல் முழுக்க எக்செல் கோப்பில் கிடக்கிறது, அதை கோஹாவுக்கு மாற்றலாம் என்று நினைக்கிறோம் (நூலகப் பட்டியலையும் இரவலையும் நிர்வகிக்க, 2000-இல் நியூசிலாந்து நூலகம் ஒன்றில் பயன்பாட்டுக்கு வந்த கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது, ஆனால் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்). சிக்கல் என்னவென்றால், பாதித் தலைப்புகள் யுனிகோடு பரவுவதற்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை, வேறு கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கல்தான், தேடினாலும் ஒன்றும் சிக்காது. முதலில் யுனிகோடாக்கிவிட்டு மார்க் 21 (நூல் விவரங்களைக் கணினியில் பதிய நூலகங்கள் பயன்படுத்தும் பொது வடிவம்) வடிவத்துக்குப் போனீர்களா, எந்த வரிசையில் செய்தீர்கள்? பழைய புத்தகங்களுக்கு ஐஎஸ்பிஎன்னும் (புத்தகத்தை அடையாளம் காட்டும் சர்வதேச எண்) இல்லை, அதனால் பிற நூலகங்களின் பட்டியலிலிருந்து விவரத்தை இறக்கிக்கொள்வதும் கடினம்.

அப்புறம் வாசகர் குழு. வாட்ஸ்அப்பில் தொடங்கினோம், எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரிகிறது என்று இரண்டு பெண்கள் விலகிவிட்டார்கள், நியாயம்தான். மிச்சம் காலை வணக்கப் படங்கள். கோஹாவிலேயே ஒவ்வொரு புத்தகத்தின் கீழும் வாசகர் கருத்து எழுதலாம், நூலகர் அனுமதித்த பிறகே வெளியே தெரியும். அதை நிஜமாகவே யாராவது பயன்படுத்துகிறார்களா, இல்லை எண்ணை மறைக்க வசதியுள்ள டெலிகிராமே போதுமா?