கரண்ட் வைக்கச் சொல்பவர்களுக்கு என்ன பதில் சொல்கிறீர்கள்?

ஈரோட்டு பிசியோ:
வணக்கம். கிளினிக் போட்டு 3 வருடம் ஆகிறது. வருபவர்களில் பாதிப் பேருக்கு இடுப்பு வலி, மீதிப் பேருக்கு முழங்கால் தேய்மானம். போன வாரம் ஒரு அம்மா ஸ்கேன் கவரை மேஜையில் வைத்துவிட்டு, உட்காருவதற்கு முன்பே, "டிஸ்க் விலகிடுச்சு தம்பி, 10 நாளைக்குக் கரண்ட் வெச்சு இழுவையும் போட்டு விட்டுருங்க" என்றார். அதாவது வலிக்கிற இடத்தில் மெஷினால் லேசான மின்சாரம் கொடுப்பதும், முதுகெலும்பை மெஷினால் இழுத்துப் பிடிப்பதும். பயிற்சிதான் முக்கியம் என்று நான் ஆரம்பித்ததுமே முகம் மாறிவிட்டது. "அதை வீட்லயே செஞ்சுக்குவேனே, அதுக்கு எதுக்கு உங்களுக்கு 300 ரூபா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். இப்போது பக்கத்துத் தெருவில் கரண்ட் வைத்துக்கொள்கிறாராம். நோயாளிகளின் எதிர்பார்ப்புதான் நம்மை வளர்க்கும் என்று கல்லூரியில் சொன்னார்கள், எனக்கென்னவோ அது பின்னால்தான் இழுக்கிறது. உங்கள் அனுபவம் என்ன?

மதுரைக்காரன்:
தம்பி, அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி. 300 ரூபாய்க்கு நீங்கள் என்ன தருவீர்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? நானும் இப்படி மாட்டியிருக்கிறேன். ஐடியில் வேலை பார்க்கும் ஒரு பையன், நான் 2 வாரமாக ஐஎஃப்டி என்கிற கரண்டும், ஒலி அலை கொடுக்கும் அல்ட்ராசவுண்ட் சிகிச்சையும் வைத்துக்கொண்டிருந்தேன், ஒருநாள் போனை நீட்டினான். எந்தச் சிகிச்சை பயன்தரும் என்று சொல்லும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016-இல் வெளியிட்ட இடுப்பு வலி வழிகாட்டி. அல்ட்ராசவுண்ட் வேண்டாம், டென்ஸ் என்கிற இன்னொரு வகைக் கரண்டும் வேண்டாம், ஐஎஃப்டி வேண்டாம் என்று வரிசையாக இருந்தது. "சார், நீங்க எனக்கு வெச்சது இதுதானே?" என்றான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, அதுதான் இன்னும் சங்கடம். அன்று ராத்திரி உட்கார்ந்து முழுசாகப் படித்தேன், 15 வருடத் தொழிலில் நானாக அதைத் தேடிப் போனதே இல்லை. அப்புறம் 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனமும் நாள்பட்ட இடுப்பு வலிக்கு இழுவை, பெல்ட் எல்லாம் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மெஷின் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன், எப்போதாவது வைக்கிறேன். ஆனால் அதை மட்டும் வைத்து யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

இன்னொன்று, ஸ்கேனைப் பார்த்துப் பயந்து வருபவர்களிடம் "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். 2015-இல் வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பில், வலியே இல்லாத 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் 50 வயதுக்காரர்களில் 80 சதவீதம் பேருக்கும் ஸ்கேனில் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. தலை நரைக்கிற மாதிரிதான் இதுவும் என்று சொல்லி இந்தக் கணக்கைக் காட்டுவேன், தோள் தானாக இறங்கும். அதற்குப் பிறகு ஒரே கேள்வி: "வலி குறைஞ்சா முதல்ல என்ன செய்யணும்னு ஆசை?" ஒரு பாட்டி, தரையில் உட்கார்ந்து பூக்கட்ட வேண்டும் என்றார். முதலில் நாற்காலி, அப்புறம் முக்காலி, அப்புறம் மணை, கடைசியில் தரை. அவர் கேட்டு வந்தது கரண்ட், வேண்டியிருந்தது தரை.

ஓய்வுபெற்ற டீச்சர்:
நோயாளி பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. இதற்கு முன் போன இடத்தில் தாளில் 6 படம் போட்டுக் கொடுத்து, "தினமும் செய்யுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். தாள் ஃப்ரிட்ஜ் கதவிலேயே மஞ்சளாகிப் போனது. இப்போது போகும் இடத்தில் அந்தப் பெண் முதல் நாளே கையைப் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொல்லி 30 வினாடி எண்ணினாள். 7 தடவை. ஆறு வாரம் கழித்து 11. எனக்கு வலி முழுசாகப் போகவில்லை, ஆனால் அந்த 11-ஐ என் பேரனிடம்கூடச் சொன்னேன். பயிற்சி வேண்டாம் என்று நாங்கள் சொல்வதில்லை தம்பி, ஏமாந்துவிடக் கூடாது என்றுதான் மெஷினைக் கேட்கிறோம். மெஷின் கண்ணுக்குத் தெரிகிறது.

ஜிம் மாஸ்டர்:
எங்கள் பக்கமும் இதே கதைதான். முன்பெல்லாம் பைசெப்ஸ் கேட்டு வருவார்கள், இப்போது 50 வயதில் சர்க்கரையோடு வருகிறார்கள். ஒருவர் "மாத்திரை போட்டுட்டு காலைல வெறும் வயித்துல வரலாமா மாஸ்டர்?" என்று கேட்டார், "தாராளமா வாங்கண்ணா" என்றேன். மூன்றாம் நாள் ஸ்குவாட் ரேக் பக்கத்தில் வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார். குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்ததும் தெளிந்தார். இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவருக்கு உடற்பயிற்சியில் சர்க்கரை சட்டென்று இறங்கலாம் என்பதே எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியும். இப்போது சேரும்போதே மாத்திரைச் சீட்டைக் கேட்கிறேன், அதில் சந்தேகம் இருந்தால் அவர்களுடைய டாக்டரிடம் கேட்டுவரச் சொல்கிறேன். 'இவன் என்ன டாக்டரா' என்று சிலர் முறைப்பார்கள், பரவாயில்லை.

சும்மா பார்ப்பவன்:
எல்லாம் சரி, ஆனால் ஸ்டார் ரேட்டிங் பார்த்தே வருகிற கூட்டத்தால் ஏசியும் சோபாவும்தான் மேம்படுகின்றன. நல்ல பிசியோவுக்கு "ரொம்பப் பேசுறார், மெஷின் வைக்கல" என்று 2 ஸ்டார் போட்டவரை நானே பார்த்தேன்.

ஈரோட்டு பிசியோ:
டீச்சர் அம்மா, அந்த 30 வினாடிச் சோதனையைக் கல்லூரியில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன், கிளினிக்கில் ஒரு தடவைகூட எண்ணியதில்லை. நாளைக் காலையில் முழங்கால் வலிக்காரர் 3 பேர் வருகிறார்கள். மதுரை அண்ணா, அந்த மணை என்ன உயரம்?

மதுரைக்காரன்:
ஒரு ஜாண். கால் ஆடாமல் பார்த்து வாங்குங்கள்.