தூங்குமூஞ்சி மரங்களில் ஏறுவதற்கு ஒற்றைக் கயிறா, மடித்த கயிறா?

கவைநிழல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் மரப் பராமரிப்பு வேலையில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். இதுவரை மடித்துப் போட்ட கயிற்றில்தான் ஏறிவருகிறேன். கயிற்றைக் கிளை பிரியும் கவையின் மேலாகப் போட்டு, ஒரு முனையை ஹார்னஸில் (உடலில் அணியும் பாதுகாப்பு வாரில்) கட்டி, மறுபக்கக் கயிற்றில், எடை விழுந்தால் கயிற்றைப் பற்றிக்கொள்ளும் பிளேக் முடிச்சு போட்டு ஏறுகிற பழைய முறை அது. இப்போது எங்கள் குழுவுக்குச் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களைக் கவாத்து செய்யும் வேலை வந்திருக்கிறது. கயிறு போடத் தகுந்த கவை பெரும்பாலும் 18 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஒரு நாளில் இரண்டாவது மரத்தில் ஏறும்போதே தோள்கள் தளர்ந்துவிடுகின்றன.

ஒற்றைக் கயிற்று முறைக்கு மாறலாமா என்று யோசிக்கிறேன். ஒரே இழையில் தொங்குவதால் அது பாதுகாப்புக் குறைந்தது என்று உடன் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் சொல்கிறார். அது சரிதானா? இப்போது போடும் அதே முடிச்சை ஒற்றைக் கயிற்றிலும் போடலாமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வேர்முடிச்சு எழுதியது:

தம்பி, முதலில் பெயரால் வரும் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இரண்டிலும் இருப்பது ஒரே கயிறுதான். மடித்துப் போடும் முறையில் நாம் ஏறும்போது கயிறு கவையின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒற்றை முறையில் கயிறு அசையாமல் நிற்க, நாம் அதன்மேல் நகர்கிறோம். அதனால்தான் புதிய பயிற்சிக் கையேடுகள் இவற்றை நகரும் கயிறு, நிலைக் கயிறு என்றே பிரிக்கின்றன. ஒருவர் மடித்த கயிற்றில் தொங்கும்போதும் அந்தக் கயிறு ஓரிடத்தில் அறுந்தால் கீழே விழத்தான் செய்வார். ஆகவே இழை இரண்டாகத் தெரிகிறது என்பதற்காக அது இரட்டைப் பாதுகாப்பு ஆகிவிடாது.

தோள் வலிக்குக் காரணம் எளிது. மடித்த கயிற்றில் 18 மீட்டர் ஏற 36 மீட்டர் கயிற்றை இழுக்க வேண்டும். கருவிகளோடு சேர்த்து உங்கள் எடை 80 கிலோ என்றால், கணக்குப்படி 40 கிலோ விசை போதும். ஆனால் தூங்குமூஞ்சியின் சொரசொரப்பான பட்டையில் கயிறு உராய்வதால் அதைவிட மிகுதியாகவே இழுக்க வேண்டியிருக்கும். அந்த உராய்வு கயிற்றின் உறையையும் தேய்க்கிறது, பட்டைக்கு அடியில் இருக்கும் உயிருள்ள திசுவையும் காயப்படுத்துகிறது. கவையில், கயிறு ஓடுவதற்கு இரு வளையம் கொண்ட உராய்வுத் தடுப்பு வாரை மாட்டாமல் இந்த முறையில் ஏறவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒற்றைக் கயிற்றிலோ, கயிற்றைப் பற்றி மேல்நோக்கி மட்டும் நகரும் அசெண்டர் என்ற பிடிகளைக் காலிலும் முழங்காலிலும் மாட்டிக்கொண்டு படியேறுவதுபோல் ஏறலாம். சுமையைத் தொடைத் தசைகள் ஏற்றுக்கொள்ளும்.

முடிச்சைப் பற்றிக் கேட்டீர்களே, அதில் மிகுந்த கவனம் வேண்டும். மடித்த கயிற்றில் முடிச்சின்மேல் உங்கள் எடையில் ஏறத்தாழப் பாதிதான் விழுகிறது. அதே முடிச்சை ஒற்றைக் கயிற்றில் போட்டால் முழு எடையும் விழுந்து, இறுகிப் பிடித்துக்கொண்டு இறங்கவிடாது. வலிந்து இறக்கினால் சூட்டில் இழையின் மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்துக் கெட்டுப்போகும். உராய்வைப் பங்கிட்டுக்கொள்ள முடிச்சுக்கு மேலே ரோப் ரெஞ்ச் போன்ற ஒரு கருவி கட்டாயம் தேவை. மடித்த கயிற்றுக்கென்று விற்கப்படும் இயந்திரக் கருவிகளையும், உற்பத்தியாளர் கையேட்டில் அனுமதி இருந்தாலன்றி, ஒற்றைக் கயிற்றில் மாட்டக் கூடாது.

அடிமரம் எழுதியது:

மேலே ஐயா சொன்னவற்றோடு, கவைக்கு வரும் சுமையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒற்றைக் கயிற்றைக் கவையின் மேலாகப் போட்டு, மறுமுனையை அடிமரத்தில் கட்டினால், நீங்கள் தொங்கும் பக்கம் 80 கிலோ, அதைத் தாங்கிப் பிடிக்கும் பக்கம் ஏறத்தாழ இன்னொரு 80 கிலோ என, கவையின்மேல் உங்கள் எடையைப் போல் ஏறக்குறைய இருமடங்கு சுமை விழும். பட்டையின் உராய்வு அதைக் கொஞ்சம் குறைக்கும். நீங்கள் குலுங்கி ஏறினால் கூடும். கயிற்றைக் கிளையிலேயே சுருக்குக் கண்ணியாகக் கட்டினால் இந்த இருமடங்குச் சுமை கிடையாது. அதனால் அடிமரத்தில் கட்டிய கயிற்றில் ஏறுமுன் இருவர் சேர்ந்து தொங்கிக் குலுக்கிப் பார்ப்பதை நாங்கள் ஒருநாளும் தவிர்ப்பதில்லை.

இந்த மரங்களில் பறவைக்கூட்டுப் பெரணி கவையிலேயே உட்கார்ந்திருக்கும். கீழிருந்து தொலைநோக்கியில் பார்த்தால் பச்சைக் குடை மட்டும்தான் தெரியும். அதன் அடியில் ஈரம் தேங்கிக் கட்டை மக்கியிருப்பது தெரியாது. ஒருமுறை அப்படிப்பட்ட பெரணியை விலக்கியபோது என் விரல் மூன்று கணு ஆழத்துக்குக் கட்டைக்குள் இறங்கியது. அந்தக் கவையில் கயிறு போடாமல் அடுத்த கிளையைத் தேர்ந்தது நல்லதாயிற்று.

அடியில் கட்டிய கயிற்றுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. நான் முன்பு வேலை செய்த இடத்தில், தரையில் கிளைகளைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தவர் செயின்சாவோடு பின்னோக்கி நகர்ந்தபோது, மேலே ஆள் தொங்கிக்கொண்டிருந்த கயிறு அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் இருந்தது. கூச்சலிட்டு அவரை நிறுத்தினோம். அன்றிலிருந்து கட்டை வெட்டும் பக்கத்துக்கு எதிர்ப்புறத்தில்தான் கட்டுகிறேன். ஆரஞ்சு நிறத் துணியும் சுற்றிவைக்கிறேன்.

ஆயினும் அடியில் கட்டுவதில் ஒரு பெரும் நன்மை இருக்கிறது. இறக்கும் கருவி வழியாகக் கட்டினால், மேலே இருப்பவர் மயங்கிவிட்டாலும், ஏறாமலேயே தரையிலிருந்து அவரை இறக்கிவிடலாம். இந்த வெயிலில் அது சிறிய விஷயமன்று.

உச்சிக்கிளை எழுதியது:

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள். நான் ஒற்றைக் கயிற்றில் ஏறி, மேலே நல்ல கவையில் உராய்வுத் தடுப்பை மாட்டி, மடித்த கயிற்றுக்கு மாறித்தான் வேலை செய்கிறேன். மாறும்போது லேன்யார்டை, அதாவது ஹார்னஸில் மாட்டும் குறுங்கயிற்றை, தண்டில் சுற்றி எடையை அதில் ஏற்றிச் சரிபார்க்காமல் பழைய கயிற்றைக் கழற்றுவதில்லை.

தூங்குமூஞ்சியின் விரிவு உயரத்தைவிட அதிகமாக இருப்பதால், பெரும்பாலான வேலை கிளைமேல் வெளிநோக்கி நடப்பதுதான். நுனியிலிருந்து தண்டுக்கு மேல்நோக்கித் திரும்பும்போது, மடித்த கயிறு உங்கள் எடையைப் பாதியாக்கித் தருவது உடம்புக்கு நிம்மதி. ஆனால் நடுவில் வேறொரு கிளையில் கயிற்றைத் திருப்பிவிட வேண்டியிருந்தால், மடித்த கயிற்றில் ஒவ்வொரு திருப்பமும் உராய்வைக் கூட்டி உங்களை நகரவிடாது. ஒற்றைக் கயிற்றில் அந்தத் தொல்லை இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: திருப்பும் இடத்தில் கயிற்றின் இரு பக்கங்களுக்கும் இடையே 120 பாகைக் கோணம் இருந்தால் அந்தக் கிளைமேல் கயிற்றின் இழுவிசை அளவுக்கே சுமை விழும், கோணம் குறுகக் குறுகச் சுமை ஏறும்.

உங்கள் அண்ணன் சொன்னது வேறொன்றாகவும் இருக்கலாம். பிரிட்டனின் 2005ஆம் ஆண்டு உயரப் பணி விதிமுறைகள், கயிற்றில் தொங்கிச் செய்யும் வேலைக்குத் தனித்தனியாகக் கட்டிய இரண்டு கயிறுகளைக் கேட்கின்றன. இரண்டாவது கயிறே ஆபத்தைக் கூட்டும் என்று இடர் மதிப்பீடு காட்டினால் மட்டுமே விலக்கு. அது மடித்த கயிற்றைக் குறிக்காது. எந்த முறையில் ஏறினாலும், செயின்சாவை இயக்குமுன் லேன்யார்டையும் மாட்டி இரண்டு பிடிப்புகளோடு இருங்கள்.

கவைநிழல் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஏறுவதற்கு ஒற்றைக் கயிறு, வேலைக்கு மடித்த கயிறு என்று தொடங்கலாம் என நினைக்கிறேன். என்னிடம் இருப்பது 45 மீட்டர் கயிறு. அடியில் கட்டி, தேவைப்பட்டால் தரையிலிருந்து இறக்கவும் அது போதுமா?

அடிமரம் எழுதியது:

போதாது, தம்பி. கவை வரை 18, அங்கிருந்து தரை வரை 18 என 36 மீட்டர் போய்விடும். மிச்சம் 9 மீட்டர்தான். உச்சியில் மயங்கியவரைப் பாதி வழி வரைதான் இறக்க முடியும். இறக்க இன்னும் 18 மீட்டர் வேண்டும், கட்டுவதற்கும் கொஞ்சம் வேண்டும் என்பதால் 60 மீட்டர் கயிறு வாங்கச் சொல்லுங்கள். அது வரும்வரை கிளையில் சுருக்குக் கண்ணியாகக் கட்டி ஏறுங்கள். அப்போது ஏறி மீட்கத் தெரிந்த இன்னொருவர் ஹார்னஸ் அணிந்து கீழே தயாராக நிற்க வேண்டும்.